என் தம்பி சொன்ன சாட்சிகள்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நோய் தீர்ந்தாலோ, வேலை கிடைத்தாலோ, கெட்ட பழக்கம் ஒன்று விட்டாலோ, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று அதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்துக்கொண்டால் கிடைத்தது கைவிட்டுப் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வயதான அம்மாக்கள் சொல்வார்கள், நாங்கள் தலையாட்டுவோம். காய்ச்சல் விட்டதற்கெல்லாம் சாட்சி உண்டு. தண்ணீர் லாரி தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றதற்கு ஒரு அம்மா சாட்சி சொன்னார், நாங்களும் ஸ்தோத்திரம் சொன்னோம். தண்ணீர்ப் பஞ்சம் வந்த அந்த வருஷத்து வெயிலில் அது அற்புதம்தான்.

என் தம்பி குடிப்பவன். இதை இப்படி ஒரே வரியில் சொல்ல எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் "அவனுக்கு உடம்பு சரியில்ல" என்பேன், "வேலை ஜாஸ்தி" என்பேன், ரொம்ப நெருங்கியவர்களிடம் "அவனுக்கு ஒரு போராட்டம் இருக்குது, ஜெபிச்சிக்குங்க" என்பேன். போராட்டம் என்றால் குடி என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். சொல்கிற எனக்குத்தான் அந்த வார்த்தை மூடிக்கொள்ள ஒரு துணி மாதிரி வேண்டியிருந்தது.

நாங்கள் ஆவடி சேக்காட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் அரசாங்கத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. தம்பி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டராக இருந்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவன் எங்களோடுதான் இருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை, அது அவனுடையது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவனை நான் பெற்ற பிள்ளை போல வளர்த்தேன் என்று சபையில் பெருமையாகச் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. தம்பியைத் தம்பியாகத்தான் பார்த்தேன், திட்டினேன், சின்ன வயசில் நாலு போட்டும் இருக்கிறேன்.

எண்பதுகளில் சாராயக்கடையைத் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், மறுபடி எதையோ திறந்தார்கள். அரசாங்கம் எதைச் செய்தாலும் என் தம்பிக்கு வழி தெரிந்திருந்தது. குடித்துவிட்டு வந்து சண்டை போடுகிற ஆள் இல்லை அவன். அழுவான். வாசல்படியில் உட்கார்ந்து சபைப் பாட்டுகளை முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை தப்பில்லாமல் பாடுவான். பக்கத்து வீட்டு அண்ணாத்தே ஒருவர் கோயிலுக்கு மாலை போடுகிறவர், அவருக்கே எங்கள் பாட்டு பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கு மானம் போகும். அவனை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவேன்.

ஒரு முறை சபையில் அவனுக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். போதகரும் மூப்பர்களும் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம் என்று போய், மழைக்காலம் வந்து முடிந்த பிறகும் குடிக்கவில்லை. முகம் தெளிந்தது. சாயங்காலம் ஐந்தே முக்கால் வண்டியில் வந்து இறங்கி, நேராக வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பான்.

அம்மாக்கள் விடவில்லை. "சிஸ்டர், தம்பி இன்னும் சாட்சி சொல்லலியே" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார்கள். அவனிடம் சொன்னேன்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்க்கா. இப்பத்தான் ஒரு மாதிரி நிக்கறேன்" என்றான்.

"நின்னதச் சொல்றதுதான்டா சாட்சி."

"ஆடிகினே நிக்கறவன கூப்ட்டு, எப்டி நிக்கறன்னு கேட்டா இன்னாக்கா சொல்றது?"

ஆனால் விடுதலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவனுக்கும் இருந்தது. அந்த வாரமே எழுந்து நின்றான். "குடிச்சிகினு இருந்தேன். இப்ப குடிக்கல. ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான் அவன் முதல் சாட்சி. அதுதான் நல்ல சாட்சி என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது. அன்றைக்கோ, இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று நானே நினைத்தேன்.

போதகருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சைக்கிளிலேயே பூந்தமல்லி வரைக்கும் ஊழியத்துக்குப் போகிறவர். போகிற இடத்தில் எல்லாம் குடியால் நாசமான வீடுகளைப் பார்க்கிறவர். அவனைக் கூடவே அழைத்துப் போனால் நாலு பேர் திருந்துவார்கள் என்று நம்பினார். "பாவத்துல எவ்வளவு ஆழத்துல இருந்தீங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும் தம்பி. அப்பதான் தூக்கின கை எவ்வளவு பெரிசுன்னு புரியும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

அப்படித்தான் அவன் வீட்டுக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தான். பூந்தமல்லியில் ஒரு கூட்டம், அம்பத்தூரில் ஒன்று, முத்தாபுதுப்பேட்டையில் ஒன்று. வாரத்துக்கு வாரம் சாட்சி நீண்டது. கடை எப்படி இருக்கும், கிளாஸ் எப்படி இருக்கும், முதல் வாய் உள்ளே போகும்போது தொண்டை எப்படி எரியும், பிறகு அந்த எரிச்சல் எப்படி இதமாக மாறும் என்றெல்லாம் சொன்னான். ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். குடிக்காத பெண்களுக்கே வாய் ஊறியிருக்கும், அப்படிச் சொல்வான்.

கொரட்டூர் கூட்டத்துக்கு நானும் போனேன். ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் பந்தல் போட்டிருந்தார்கள். என் தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு, குடிவெறியில் தன் சொந்த அக்காவையே கூந்தலைப் பிடித்து அடித்ததாகச் சொல்லி அழுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "என்னைக்குடா என்ன அடிச்ச?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "எல்லாம் எதிர்பாக்கறாங்கக்கா. அடிக்கலன்னு சொன்னா சப்புனு பூடுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அம்பத்தூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தேன். திருந்தி ஒரு வருஷம் ஆகப்போகிறது, கையில் தொழில் இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தேன். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீடு, நம்ம ஜனங்கள்தான், வேறு சபை. பெண் தையல் வேலை தெரிந்தவள், அடக்கமாக இருந்தாள். காபி கொடுத்தார்கள். பெண்ணின் அப்பா என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க போன மாசம் இங்க கூட்டத்துல சாட்சி சொன்னவர்தானே? நானும் வந்திருந்தேன். அழுதுட்டேன் தம்பி."

என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நல்ல சாட்சிங்க. கர்த்தர் அவர இன்னும் எடுத்துப் பயன்படுத்தணும். ஆனா பொண்ணு குடுக்கறதுன்னா வேற விஷயம்ங்க. கூடப்பொறந்தவளயே அடிச்ச கை பாருங்க" என்றார்.

அடிக்கவில்லை என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. உடன்பிறந்தவள் அப்படித்தான் விட்டுக்கொடுக்காமல் பேசுவாள் என்று அவர் மனைவி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஸ்தோத்திரம் சொல்லிக் கேட்ட அதே ஜனங்கள்தான். கதை கேட்க அவர்களுக்கு அவன் வேண்டும், மாப்பிள்ளையாக வேண்டாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் அவன் வேலையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் தேடிப் போய்ப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். நான் அழுதேன், திட்டினேன், "ஏன்டா, இத்தன நாள் இருந்துட்டு ஏன்டா?" என்று கேட்டேன்.

"வாரா வாரம் அந்தக் கடைக்குப் போய்ட்டுதான்க்கா வந்தேன். நிக்க வெச்சி, மைக்குக் குடுத்து அனுப்பினீங்க. வாயாலயே போய்ட்டு வந்தவன் ஒரு நாள் காலால பூட்டேன்" என்றான்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

விழுந்ததை விட அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் களைப்பாக்கியது. சாட்சி சொன்னவன் விழுந்தால் சபைக்குத் திரும்பி வர ஒரு முறை இருந்தது. ஆராதனையில் முன்னால் வந்து, முழங்கால் போட்டு, என்ன செய்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பிறகு கை வைத்து ஜெபித்துச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்ட பிறகு, சில மாதம் நின்றான் என்றால், மறுபடி சாட்சி. இதில் யாரும் அவனைத் துன்பப்படுத்த நினைக்கவில்லை. அன்போடுதான் செய்தார்கள். ஆனால் அவனோ, ஒவ்வொரு முறை விழும்போதும் அந்த முழங்கால் ஞாபகம் வந்து, மாதக்கணக்கில் எங்கள் கண்ணிலேயே படாமல் போய்விடுவான். ஒரு நாள் குடித்தால் ஒரு நாளோடு நிற்காது. திரும்பி வருவது அவ்வளவு கஷ்டமாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம் குடிப்பது சுலபமாக இருந்திருக்கும். இது எனக்கு அப்போது புரியவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. போவான், வருவான், அழுவான், முன்னால் நிற்பான், சாட்சி சொல்வான், போவான். ஜனங்களுக்கு அலுக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

மன்னிப்பு என்றால் கண்ணீரும் கட்டிப்பிடிப்பும் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். முதல் முறை அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறையும் கொஞ்சம் இருந்தது. அதற்குப் பிறகு மன்னிப்பு என்பது அவன் வாந்தி எடுத்த விரிப்பை ஊற வைப்பது. பட்டறை முதலாளியிடம் போய், இன்னொரு முறை பாருங்கள் என்று நிற்பது. மன்னிக்கிறேன் என்று ஜெபத்தில் வாயால் சொல்லும்போதே, நாளைக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கும் என்று மனசு சொல்லும். மன்னிப்பதற்குக் கணக்கு வைக்கக் கூடாது என்பார்கள். எனக்குக் கணக்கே மறந்துவிட்டது. அதை யாராவது பக்தி என்று நினைத்திருந்தால் தப்பு. அது வெறும் களைப்பு.

என் வீட்டுக்காரரிடம் ஒரு நாள் கேட்டேன். "இன்னாங்க, உங்களுக்கு அவன் மேல கோவமே வராதா?"

"வருது. ஷிஃப்டுக்குப் போற வழியில வருது. போய் மிஷினப் போட்டா மறந்துடுது. நீ ஊட்லயே கீற, உனக்குதான் மறக்க வழியில்ல" என்றார். இதைவிட ஆறுதலாக எந்தப் போதகரும் என்னிடம் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாய் விரித்து, பன்னும் டீயும் ஏற்பாடு செய்து, சபையார் எல்லாரும் வந்திருந்தார்கள். போதகர் ஜெபிக்கும்போது தம்பி குடித்துவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்து, அவரை விடச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தான். எனக்காகத்தான் ஜெபித்தான். "எங்க அக்கா தங்கம், அவள ஆசீர்வதியும்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். ஜனங்கள் டீயைக் கூடக் குடிக்காமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

காலையில் அவன் துணிகளை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தேன். "போடா. இனிமே இந்த ஊடு உனக்கு இல்ல. எங்கனா போய்க் குடி, எங்கனா வுழு. என் கண்ணுல படாத" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் ஆனால் தெருவை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பாட்டுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தூங்க வேண்டியதில்லை. அளவாகச் சமைத்து, சாப்பிட்டு, படுத்தோம். அந்த நிம்மதியை நான் சபையில் சாட்சியாகச் சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அம்பத்தூர் ஸ்டேஷனில் ஆவடி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, முன்மயிர் நரைத்து, ஆனால் சட்டை துவைத்த சட்டையாக இருந்தது. வாசனை எதுவும் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன், கேவலம், மூக்குதான் முந்திக்கொண்டது.

"எப்டி கீற?" என்றேன்.

"கீறேன்க்கா." தண்டவாளத்தை எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "குடிக்காம கொஞ்ச நாளா கீறேன். யாராண்டயும் சொல்லிடாதக்கா" என்றான்.

குடிக்கிறதை மறைக்கச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறான். குடிக்காததை மறைக்கச் சொன்னது அதுதான் முதல் முறை. வண்டி வந்தது. ஏறாமல் நின்றேன்.

"சபைக்கு வரணும்னு கீதுக்கா. ஆராதன, பாட்டு, அதெல்லாம் இல்லாம ஒரு மாதிரி கீது. ஆனா முன்னாடி வந்து நிக்க என்னால முடியாது. இன்னொரு வாட்டி நின்னா செத்துடுவேன்."

"ஊட்டுக்கு வா" என்று என் வாய் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஐயாவக் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

போதகர் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி செயின் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, "சந்தோஷம் சகோதரி. ஆனா சபைக்கு ஒரு ஒழுங்கு இருக்குதே. முன்னால வராம எப்படிச் சேர்த்துக்கறது? நாளைக்கு எல்லாரும் கேப்பாங்களே" என்றார்.

"ஐயா, அவன் முன்னால வந்து நின்னதெல்லாம் ஜனங்களுக்குப் பிரயோஜனமா இருந்துச்சு. பூந்தமல்லில எவனோ ஒருத்தன் திருந்தினான்னு நீங்களே சொன்னீங்க. அவனுக்கு இன்னா பிரயோஜனம் ஆச்சி? ஒரு வாட்டியாவது அவன் அவனுக்காக வரட்டும். வந்து உக்காரட்டும். எழுந்து போவட்டும்."

என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். போதகர் சைக்கிள் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அவர ரொம்பச் சொல்ல வெச்சிட்டேன்" என்றார். "சரி. நான் கூப்பிட மாட்டேன். ஆனா ஜனங்க வாயைக் கட்ட என்னால ஆவாது சகோதரி."

என் வீட்டுக்காரர் மூலம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிறு அவன் வந்தான். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கீழே பாயில்தான் உட்காருவோம். ஆண்கள் பக்கம் கடைசியில், வாசலை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒரு அம்மா முட்டிவலி குறைந்ததைச் சொன்னார். பிறகு யாரும் எழவில்லை. மூப்பர் ஒருவர் பின்னால் திரும்பி, முகம் மலர்ந்து, "நம்ம தம்பி வந்திருக்காரே, அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்குமே" என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. என் தம்பியின் கை பக்கத்தில் இருந்த செருப்பைத் தேடியது.

நான் எழுந்துவிட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்கவே இல்லை.

"நான் சொல்றேன்" என்றேன். "என் தம்பி வந்திருக்கான். அவன் திருந்திட்டானான்னு எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் வருவானான்னும் தெரியாது. எனக்கு அலுத்துப் போச்சு. அவனுக்காக ஜெபிக்கக்கூட ரொம்ப நாளா எனக்கு வாய் வரல. அவன் மேல பாசம் இருக்குதான்னு கேட்டா, இப்ப தேடித்தான் பாக்கணும். ஆனா இன்னைக்குக் காலைல அவனுக்கும் சேத்து அரிசி போட்டுட்டு வந்தேன். என் சாட்சி அவ்ளோதான்."

உட்கார்ந்தேன். எப்போதும் அல்லேலூயா சொல்கிற அம்மாக்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போதகர் மட்டும் "ஆமென்" என்றார். பிறகு பிரசங்கத்துக்கு வேதத்தைத் திறந்தார்.

அன்று மத்தியானம் அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். பின்னால் இருந்த அறையில் விறகும் பழைய சாமானும் கிடந்தன. என் வீட்டுக்காரர் அவற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினார். தம்பி அங்கேயே இருக்க ஆரம்பித்தான். வேலைக்குப் போனான், வந்தான், ஞாயிறு வாசல் பக்கம் உட்கார்ந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை.

இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இனிமேல் மாதக்கணக்கில் வர மாட்டான், பிறகு வருவான், பிறகு போவான், நான் சாகும் வரைக்கும் இதுதான் என்று தோன்றியது. கர்த்தரிடம் அன்று உண்மையாகவே சொன்னேன், என்னால் ஆகாது, இனி நீர் பார்த்துக்கொள்ளும், நான் விட்டுவிட்டேன் என்று. சனிக்கிழமை முழுவதும் விட்டுவிட்டவளாகவே இருந்தேன். ஞாயிறு காலை எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஆராதனைக்குப் போனேன்.

இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது வாசல் பக்கம் சலசலப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் தம்பி. சட்டையில் மண், கண் சிவந்து, மூன்று நாள் தாடி. நெடி பெண்கள் பக்கம் வரைக்கும் வந்தது. விழுந்த பிறகு மாதக்கணக்கில் முகம் காட்டாதவன், இந்த முறை அந்த வார ஞாயிறே, போதைகூட முழுசாகத் தெளியாமல், செருப்புகளுக்குப் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. பாடவும் இல்லை.

பாட்டு முடியும் வரை நான் அசையவில்லை. எழுந்திருக்கிற அளவுக்கு எனக்கு உடம்பில் தெம்பு இல்லை, அதுதான் உண்மை. பிறகு எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கம் போவது எங்கள் சபையில் வழக்கம் இல்லை. போய் அவன் பக்கத்தில் காலியாகிவிட்ட இடத்தில் உட்கார்ந்தேன். முன்னால் போதகர் சாட்சி நேரத்தை விட்டுவிட்டு நேராக ஜெபத்துக்குப் போனார்.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். தம்பி தலையைக் குனிந்தபடியே மெல்லக் கேட்டான்.

"இன்னைக்கும் போட்டியாக்கா?"

எதைக் கேட்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது.

"போட்டுட்டுத்தான் வந்தேன். கம்முனு கண்ண மூடு" என்றேன்.

போடவில்லை. அன்று காலை எங்கள் இரண்டு பேருக்குத்தான் அரிசி போட்டிருந்தேன். ஆராதனை முடிந்து வந்ததும், அவன் பின்னால் குளித்துக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தெரியாமல் மறுபடி உலை வைத்தேன்.